கிரெடிட்டுன்னா வரவா, கடனா?



இந்த மாதப் பாடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ஆங்கிலச் சொல்தான். ஆனால் நம் காதில் அடிக்கடி விழுகிற சொல். வங்கியில் சொல்கிறார்கள், போனில் மெசேஜாக வருகிறது, கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசுகிறோம், லோன் தருகிறேன் என்று தெருவுக்கு வருகிறவர் சொல்கிறார், காலேஜ் போகிற பிள்ளையும் சொல்கிறது. அந்தச் சொல் 'கிரெடிட்'.

"ஒரு சொல்லுக்கு ஒரு பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். புளியங்குடி பக்கம் நம் உறுப்பினர்கள் இரண்டு பேருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், விஷயம் போதும்.

முதலாமவர் ஒரு ஆச்சி. கூட்டத்துக்கு வந்து சேமிப்பைக் கட்டியவர், உட்காராமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு போனை நீட்டினார். "ஏ தாயி, பேரன் பாத்துட்டு கிரெடிட்டுன்னு போட்டிருக்குங்கான். நான் யார்ட்டயும் கடன் வாங்கலியே. என் பேர்ல வேற யாரும் வாங்கிட்டாவளா? மூணு நாளா தூக்கமே இல்ல" என்றார். மெசேஜைப் பார்த்தேன். அவருடைய முதியோர் உதவித்தொகை கணக்கில் ஏறியிருந்தது. அவ்வளவுதான். தன் பணம் தனக்கு வந்ததற்காக அந்த ஆச்சி மூன்று நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்.

இரண்டாமவர் எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கப் போகிற ஒரு அக்கா. "பெண்களுக்கு உதவி" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கே வந்து ஆதார் நகல், பாஸ்புக் நகல், நாலைந்து கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். ஒரு வாரத்தில் 30,000 ரூபாய் கிரெடிட் ஆகியிருப்பதாக மெசேஜ் வந்தது. அக்கா அதை மானியம் என்று நினைத்துவிட்டார். வீட்டுக் கூரையைச் சரிசெய்தார், இரண்டு ஆடு பிடித்தார். மறு மாதம் தவணை கேட்டு வாசலில் ஆள் வந்து நின்றபோதுதான் அது கடன் என்று தெரிந்தது. கையில் கொடுத்திருந்த அட்டை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

ஒருவர் வரவைக் கடன் என்று நினைத்துப் பயந்தார். இன்னொருவர் கடனை வரவு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். இரண்டு பேரையும் குழப்பியது ஒரே சொல். படிப்பு இல்லாததால் வந்த குழப்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆச்சிக்கு மெசேஜைப் படித்துச் சொன்ன பேரன் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவனுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம்.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

கிரெடிட் என்ற சொல் லத்தீன் என்னும் பழைய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர்ச்சொல்லுக்கு 'நம்புதல்' என்று பொருள். ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைப்பதுதான் கிரெடிட். இதை மட்டும் நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் எளிது.

நாம் வங்கியில் 1,000 ரூபாய் கட்டுகிறோம். யாரை யார் நம்புகிறோம்? நாம் வங்கியை நம்புகிறோம். அந்த 1,000 ரூபாயை வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டும். பாஸ்புக் நம் கையில் இருந்தாலும் அதில் உள்ள கணக்கு வங்கி எழுதுகிற கணக்கு. "இந்த அம்மாவுக்கு நான் 1,000 ரூபாய் தர வேண்டும்" என்று வங்கி குறித்து வைக்கிறது. அதுதான் கிரெடிட். நமக்கு அது வரவு.

இப்போது வங்கி நமக்கு 1,000 ரூபாய் கடன் தருகிறது. இங்கே யார் யாரை நம்புகிறார்கள்? வங்கி நம்மை நம்புகிறது. இதற்கும் பெயர் கிரெடிட்தான். ஆனால் நமக்கு இது கடன்.

நம்பிக்கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வித்தியாசம். சொல் ஒன்று, திசை இரண்டு.

தமிழில் எழுதும்போதும் இது இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாஸ்புக்கில் 'வரவு' என்று போட்டிருப்பதும் கிரெடிட். நம் ஊர் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்ற போர்டில் உள்ள 'கடன்' என்பதும் கிரெடிட். இந்தச் சங்கங்களுக்கு வழி செய்த சட்டம் 1904-ல் வந்தது. தமிழ்நாட்டின் முதல் சங்கம் அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் தொடங்கியது. அன்று முதல் இந்தச் சொல் நம் கிராமங்களில் புழங்கிவருகிறது.

நம் தமிழ்ச் சொற்களும் சும்மா இல்லை. நேர்த்திக்கடன் என்கிறோம், நன்றிக்கடன் என்கிறோம், காலைக்கடன் என்கிறோம். அங்கெல்லாம் பணமா இருக்கிறது? செய்து முடிக்க வேண்டிய கடமையைத்தான் கடன் என்கிறோம். 'நாணயம்' என்றால் காசு, அதுவே நேர்மையும்கூட. "அவ நாணயமானவ" என்றால் அவளை நம்பிக் கொடுக்கலாம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கிரெடிட் செய்கிற வேலையைத்தான் இங்கே நாணயம் செய்கிறது. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. நமக்குப் பழக்கமான விஷயம்தான்.

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

1. கணக்கில் ஏறிய பணம்

"உங்கள் கணக்கில் கிரெடிட் ஆகியுள்ளது" என்றால் அந்தக் கணக்குக்குள் பணம் வந்திருக்கிறது. 'டெபிட்' என்றால் அந்தக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. பாஸ்புக்கில் இதையே வரவு, பற்று என்று போடுவார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் வந்தது என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. அது சம்பளமா, உதவித்தொகையா, காய் விற்ற பணமா, கடனா என்று சொல்வதில்லை. கடன் தொகையும் நம் சேமிப்புக் கணக்கில்தான் வந்து ஏறும். அதற்கும் 'கிரெடிட்' என்றுதான் மெசேஜ் வரும். எலுமிச்சை மார்க்கெட் அக்கா தவறியது இந்த இடத்தில்தான்.

2. கடன் கணக்கில் கிரெடிட்

இது குழுவின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் குழுவுக்கு வங்கியில் சேமிப்புக் கணக்கு ஒன்று, கடன் கணக்கு ஒன்று இருக்கும். கடன் கணக்கில் டெபிட் என்றால் நாம் வாங்கிய கடனும் அதில் ஏறிய வட்டியும். கிரெடிட் என்றால் நாம் கட்டிய தவணை. அங்கே கிரெடிட் ஏற ஏற நம் பாரம் குறைகிறது.

அதனால் தவணை கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. "கடன் கணக்குல கிரெடிட் ஆயிட்டா?" என்று பார்க்க வேண்டும். யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் ரசீது வாங்க வேண்டும். மாதம் ஒரு முறை கடன் கணக்கின் பாஸ்புக்கில் பதிவு போட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். கட்டிய தேதியும் ஏறிய தேதியும் பொருந்துகிறதா என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம். அது சந்தேகப்படுவது ஆகாது. குழுப் பணத்துக்கு எல்லோரும் பொறுப்பு.

3. கடன்

கிரெடிட் கார்டு, கிசான் கிரெடிட் கார்டு, கேஷ் கிரெடிட், கிரெடிட் லிங்கேஜ். இங்கெல்லாம் கிரெடிட் என்றால் கடன்தான். பெயர் இனிமையாக இருந்தாலும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

கிசான் கிரெடிட் கார்டு 1998-ல் வந்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் பயிர்ச்செலவுக்கு எடுக்கிற கடனுக்கான கார்டு அது. "கார்டு வந்திருக்கு, பணம் வந்திருக்கு" என்று கல்யாணச் செலவுக்கு எடுத்துவிட்டால் விளைச்சல் வரும்போது கை காலியாகத்தான் இருக்கும்.

ஏ.டி.எம். கார்டும் கிரெடிட் கார்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஏ.டி.எம். கார்டு என்கிற டெபிட் கார்டில் எடுப்பது நம் பணம். கிரெடிட் கார்டில் எடுப்பது வங்கியின் பணம். 'இலவச கார்டு' என்று சொன்னால் கார்டுதான் இலவசம், பணம் இலவசம் இல்லை.

குழுவுக்குக் கேஷ் கிரெடிட் கொடுத்தால் 'லிமிட்' என்று ஒரு தொகை சொல்வார்கள். அந்த அளவுக்குள் தேவைக்கு எடுத்து, கட்டி, மறுபடி எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி. லிமிட் பெரிய தொகையாக இருக்கிறது என்பதற்காக மொத்தத்தையும் எடுத்துப் பங்கு போடுவது புத்திசாலித்தனம் இல்லை. லிமிட் நம் சேமிப்பு அல்ல.

மளிகைக் கடையில் நாம் 'பற்று' வைக்கிறோமே, அதுவும் இதே வகைதான். "கடன் அன்பை முறிக்கும்" என்று போர்டு மாட்டிய கடைக்காரர்கூட சிலருக்கு மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பார். யாருக்குக் கொடுப்பார்? நம்பிக்கை உள்ளவருக்கு. இது நம்மை அடுத்த பொருளுக்குக் கொண்டுபோகிறது.

4. நம் பேருக்கு உள்ள நம்பிக்கை

"அந்த அம்மாவுக்கு கிரெடிட் நல்லா இருக்கு" என்று வங்கியில் சொன்னால், அவர் கணக்கில் பணம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவர் என்று அர்த்தம்.

நம் குழுக்கள் வளர்ந்ததே இந்த நம்பிக்கையில்தான். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்பது என்று சோதனையாக ஆரம்பித்தது. வீட்டுப் பத்திரமும் இல்லாத, நகையும் இல்லாத பெண்களுக்கு எதை நம்பி வங்கி பணம் கொடுத்தது? தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பம், சரியான கணக்குப் புத்தகம். நாம் தலைகீழாக ஒப்பிக்கிற இந்த ஐந்து விஷயம்தான் நமக்கு ஜாமீன். தீர்மானப் புத்தகமும் பேரேடும் பத்திரத்தின் வேலையைச் செய்தன.

இப்போது தனி ஆளுக்கும் இந்த நம்பிக்கையை எண்ணாகப் போடுகிறார்கள். அதைத்தான் 'சிபில் ஸ்கோர்' என்கிறோம். 300 முதல் 900 வரை மதிப்பெண். எண் கூடக் கூட வங்கிக்கு நம்பிக்கை கூடும். குழு மூலம் வாங்கும் கடனாக இருந்தாலும் ஒவ்வொரு உறுப்பினரின் விவரத்தையும் வங்கிகள் பதிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-ல் அறிவித்தது. ஆகவே "குழுக் கடன்தானே, என் பேர் எங்க தெரியப்போகுது" என்று யாரும் இருக்க வேண்டாம்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறேன்: "நான் எனக்காக வாங்கல மேடம். மதினி கேட்டா, என் பேர்ல எடுத்துக் கொடுத்தேன். அவ கட்டிருவா." மதினி நல்லவர்தான். ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், வேலை இல்லாமல் போகலாம். தவணை நின்றால் கெட்டுப்போவது யாருடைய பேர்? மதினி பேர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. நாளைக்கு மகள் நர்சிங் படிக்கக் கல்விக் கடன் கேட்கும்போது, பெற்றோர் என்ற முறையில் நம் பேரையும் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தப் பழைய கடன் முன்னால் வந்து நிற்கும். சேலையை இரவல் கொடுக்கலாம், அண்டாவை இரவல் கொடுக்கலாம், பேரை இரவல் கொடுக்க வேண்டாம். மதினிக்கு உதவ வேண்டுமா? அவரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள்.

நம் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று நாமே பார்க்கலாம். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் கம்பெனிகள் நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று 2017 முதல் ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளையை உட்காரவைத்து எடுக்கலாம். நாம் வாங்காத கடன் அதில் இருந்தால் வங்கிக்கும் அந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் தீர்த்துவைக்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே எழுதிக் கொடுத்த தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பெருமை

"எல்லாம் நான்தான் செஞ்சேன், கிரெடிட்டை அவ எடுத்துக்கிட்டா." இங்கே கிரெடிட் என்றால் பெருமை, நல்ல பேர். சினிமா தொடங்கும்போதோ முடியும்போதோ வேலை செய்தவர்கள் பேர் வருமே, அதற்கும் கிரெடிட் என்றுதான் பெயர்.

இதைக் கொஞ்சம் நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். கடன் அம்மா பேரில். பைக் அப்பா பேரில். தவணைக்கு அம்மாவின் கூலி போகிறது. "பைக் யார் வாங்கினது?" என்று கேட்டால் பதில் என்ன வருகிறது? சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் கடன் நம் பேரில் என்றால், அந்தப் பணத்தில் வாங்கும் ஆடோ மாடோ மெஷினோ அதுவும் நம் பேரில் இருக்கட்டும் என்று கேட்பது நியாயம்தான்.

6. படிப்பில் கிரெடிட்

காலேஜில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. அது பாடத்தின் எடை. "எனக்கு நாலு கிரெடிட் பாக்கி" என்று பிள்ளை சொன்னால் கடன் பாக்கி என்று பதற வேண்டாம். முடிக்க வேண்டிய பாடம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வேறு மாதிரி பதறலாம்!

இந்தச் சொல்லை வைத்து ஏமாற்றுகிறவர்கள்

"அக்கா, தப்பா உங்க கணக்குல 5,000 ரூபாய் கிரெடிட் ஆயிட்டு, திருப்பி அனுப்பிருங்க, ஆஸ்பத்திரி செலவுக்கு உள்ளது" என்று போன் வரும். கூடவே வங்கி அனுப்பியது போலவே ஒரு மெசேஜும் வரும். மெசேஜை யாரும் தட்டிவிடலாம். மெசேஜை நம்ப வேண்டாம், கணக்கில் இருப்பைப் பாருங்கள். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நாமாக அனுப்ப வேண்டாம், வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் முறைப்படி திருப்புவார்கள். இன்னொன்று: போன் மூலம் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. ரகசிய எண் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்று கேள்வி

கிரெடிட் என்ற சொல் எங்கே வந்தாலும் இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: எந்தக் கணக்கில்? சேமிப்புக் கணக்கா, கடன் கணக்கா?

இரண்டு: யார் பணம்? எங்கிருந்து வந்தது?

மூன்று: திருப்பிக் கட்டணுமா? கட்டணும் என்றால் எத்தனை தவணை, வட்டி எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்க வேண்டாம்.

கூட்டத்தில் செய்து பார்க்க

ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் எந்தக் கிரெடிட் என்று சொல்லட்டும்.

அ) "குழுவின் கடன் கணக்கில் 12,500 ரூபாய் கிரெடிட்."
ஆ) "மேடம், உங்களுக்கு கிரெடிட் கார்டு இலவசமா வந்திருக்கு."
இ) "அவ பேர்ல கிரெடிட் சரியில்ல, லோன் கிடைக்காது."
ஈ) "உங்கள் சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாய் கிரெடிட்."
உ) "விழாவை நடத்தினது நாம, கிரெடிட் மட்டும் அவங்களுக்கு."

விடை: அ) நாம் கட்டிய தவணை. ஆ) கடன். இ) நம்பிக்கை. உ) பெருமை. ஈ-க்கு யாராவது உடனே 'வரவு' என்று சொன்னால் நிறுத்துங்கள். பணம் வந்திருக்கிறது என்பது சரி. ஆனால் வரவா கடனா என்று இன்னும் தெரியாது. மூன்று கேள்வியையும் கேட்ட பிறகுதான் சொல்ல முடியும்.

கடைசியாக

அந்த அக்காவின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழு கூடியது. கடன் அட்டை கடன் வாங்கியவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதியைச் சொல்லி, தமிழில் விவரம் கேட்டு வாங்கினோம். வட்டி, தவணை, கடைசித் தேதி எல்லாம் அப்போதுதான் தெரிந்தது. இப்படிப் போய்க் கேட்டும் பதில் இல்லையென்றால் 14448 என்ற ரிசர்வ் வங்கி எண்ணில் விவரம் கேட்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டதால் கடன் கடன்தான். அக்கா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒரு ஆட்டை விற்க வேண்டி வந்தது, இன்னொன்று நிற்கிறது.

ஆச்சி இப்போது மெசேஜ் வந்தால் பேரனிடம் கொடுப்பதில்லை. கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வருகிறார். போன மாதம் வந்ததும் போனை என்னிடம் நீட்டி, அவரே கேட்டார்: "எந்தக் கணக்கு? யார் துட்டு? திருப்பிக் கட்டணுமா? சொல்லு தாயி."

எல்லோரும் அப்படிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.